குட்டைவால் குதிரைச் சில்லு

மன்றத்தை மாண்போடு நடத்தும் தலைவர் மகேஸ்வரன் அவர்களே! சேகரிப்புக் கலையில் நரைகண்ட பெரியோர்களே! கொட்டும் பனியையும் தட்டிவிட்டு வந்து இந்த வோபர்ன் மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மாரே! அருள்நாயகத்தின் அடக்கமான வணக்கம்.

வாழ்த்துரை வழங்க நான் வரவில்லை. ஒரு வழக்கைச் சொல்ல வந்திருக்கிறேன். அதில் குற்றம் சாட்டியவனும் நானே, குற்றவாளியும் நானே!

சூதாட்ட மேசையில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்டச் சில்லுகளை, ஆங்கிலத்தில் ‘சிப்ஸ்’ என்பவற்றை, சேர்ப்பவர்கள் நாங்கள். முன்வரிசையில் சிரிக்கும் தம்பி, நீர் நினைக்கும் உருளைக்கிழங்குச் சிப்ஸ் அல்ல!

சென்ற அக்டோபரில் மிசிசாகாவில் கண்காட்சி. நடுவர் நான். பிறம்ரன் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளாக அச்சு இயந்திரம் இயக்கும் புனிதவதி அம்மையார் ஒரு நீலச் சில்லை வைத்திருந்தார். எப்போதோ மூடிவிட்ட ஒரு கசினோ சூதாட்ட விடுதியின் சில்லு. இரு முகத்திலும் விளிம்பைச் சுற்றிக் குதிரைகள் ஓடும். என்னிடமும் அதே சில்லு உண்டு. அங்கே நான் காவலாளியாக இருந்தேன். கதவு பூட்டிய நாளில் மேலாளர் என் கையில் தந்தது. கண்ணாடிச் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்ததை அன்று காட்சிக்குக் கொண்டுவந்திருந்தேன். என் குதிரைகளுக்கு நீண்ட வால். அவருடையவற்றுக்கோ குட்டை வால்!

பொறுத்தேனா? விசாரித்தேனா? ஒலிவாங்கியை எடுத்து, "இது போலி" என்று முழங்கினேன்.

"அம்மா, ப்ளீஸ், போவம்" என்று மகள் துவாரகா அவர் கையை இழுத்தாள். அவர் போகவில்லை. மேடையேறினார்.

"அண்ணை, இத்தனை பேருக்கு முன்னால என்னைக் கள்ளி எண்டு சொல்லிப்போட்டியள். உங்கட சில்லை ஒருக்காத் தாங்கோ."

"அது சட்டத்துக்குள்ள இருக்கு. கழட்டேலாது."

"ஏன் ஏலாது? என்ர மானத்தை ஒரு நிமிசத்தில கழட்டினியள்தானே!"

கழற்றினேன். நாலு ஆணி. ஒவ்வொன்றும் என் விலா எலும்பிலிருந்து வருவதுபோல் இருந்தது. பதினாறு ஆண்டுகளாக நான் ஒரு முகத்தை மட்டுமே பார்த்த சில்லு! வாங்கினார். புரட்டினார். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். என்னிடமே நீட்டினார்.

பார்த்தேன், அன்பர்களே! பின்புறக் குதிரைகள் அத்தனைக்கும் குட்டை வால்!

"அச்சு எண்டால் ரெண்டு பாதி, அண்ணை. நடுவில கலவையை வைச்சு அமத்திறது. ஒரு பாதி பழுதானால் அதை மட்டும்தான் மாத்துவினம். புதுசு வெட்டினவன் வாலைக் குட்டையா வெட்டிப்போட்டான். அந்த நேரம் வந்தது உங்கட சில்லு. மற்றப் பாதியும் மாத்தினாப் பிறகு வந்திருக்கும் என்ரது."

என் வீட்டுச் சுவரிலேயே இருந்த சாட்சியை நான் பார்க்கவில்லை. ஒரே பார்வையில் அவர் பார்த்தார்! அவர் காதருகே குனிந்து, "மன்னியுங்கோ" என்றேன். என்ன சொன்னார் தெரியுமா?

"மைக்கில சொன்னதை மைக்கிலயே மாத்திச் சொல்லுங்கோ."

துணிவில்லை எனக்கு. ஒலிவாங்கியை வைத்துவிட்டு இறங்கிப் போனேன். நடுவராம்! நானா நடுவன்?

ஐந்தாம் வரிசையில் அமர்ந்திருக்கும் புனிதவதி அம்மையாரே! உங்கள் சில்லு உண்மை. என் சொல் பொய். எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்கிறேன். நடுவர் பதவியையும் இந்த மேடையிலேயே துறக்கிறேன்.

கைதட்ட வேண்டாம், அன்பர்களே. பொறுங்கள். அவர் எழுகிறார்.

"ஓம் அண்ணை. கேட்டது."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. காதில் கேட்டது என்று மட்டும் சொல்கிறார். என் தகுதிக்கு அதுவே அதிகம். பொறுமையோடு செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்!