கோட்டோரம் நின்ற தலைவர்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ்ஸில் என் முன்சீட்டில் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரும், சிவப்புத் துண்டு போட்ட விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கபடி நடக்கறப்ப கோட்டோரம் நின்னு கத்தாதீங்க. எதுவானாலும் மறுநாள் வந்து பேசுங்க" என்றார் மாஸ்டர்.

"எம் பையன வெளியில உக்கார வச்சிட்டீங்க. கேக்கக் கூடாதா?"

"நடவு நடக்கறப்ப மிராசுதார் வரப்புல நின்னு கத்தக் கூடாது, வேலை முடிஞ்சப்புறம்தான் பேசணும்னு சட்டம் போட்டது யாரு?"

தலைவர் மீசையைத் தடவினார். "நான்தான்."

"மிராசுதார் பையனயும்தான் உக்கார வச்சேன். மனுசன் வாயே தொறக்கல."

"பின்ன? அவர பழக்குனது யாரு!" என்றார் தலைவர், பெருமையாக.