பங்களாவுல யூதாசு எரிக்கிற நாள்

கோட்டா? அது எங்கயும் ஓடிப் போயிராதுங்க ஐயா. நேத்து சாயங்காலம் அயன் பண்ணச் சொல்லி நீங்கதானே என் கையில குடுத்தீங்க, சாம்பக் கலரு, பித்தள பொத்தான் வச்சது. பத்திரமா இருக்கு. பதறாம உக்காருங்க. கண்ணாடியையும் தேடாதீங்க, நெத்தி மேல ஏத்தி வச்சிருக்கீங்க. ஆங், அங்கதான்.

உங்க வூட்டம்மாவும் மகளும் அப்பவே போயி புல்லுத் தரையில முன் வரிசையில உக்காந்துட்டாங்க. பன்னெண்டு மணிக்குத்தான் விழா. இன்னும் அரை மணி நேரம் கெடக்கு. இந்தத் தட்டுல ஒண்ண எடுத்து வாயில போடுங்க. என்னன்னு பாக்குறீங்களா? பாணு ரொட்டிதாங்க. பால்ல ஊற வச்சு, முட்டையில தோச்சு, எண்ணெயில பொரிச்சு, மேல சீனியும் கறுவாப்பட்டத் தூளும் தூவுனது. ஸ்பெயின்ல ஈஸ்டர் வாரத்துல வூட்டுக்கு வூடு இதான் பலகாரமாம். நல்லா இருக்கா? பதிமூணு வருசமா இந்த பங்களா குசினியில கெடக்குறேன், பேரு வினோதா. என் கையில உப்புக் கூடுச்சுன்னு இது வரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல.

வட்டவளையில எதுக்கு ஸ்பெயின் திருவிழான்னா கேக்குறீங்க? எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. பிலார்னு ஒரு அம்மா, அந்த நாட்டுல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. வருசா வருசம் ஆளுங்களக் கூட்டிக்கிட்டு இங்க வந்து தங்குவாங்க. நம்ம நிரோஷன் இருக்கே, அந்தா மைக்க தொடச்சிக்கிட்டு நிக்குதே கைடு, அது போன்லயே பாத்து அந்தப் பாஷையப் படிச்சிருச்சு. அது நடுவுல நின்னு சொல்லும், நான் வெங்காயம் உரிச்சிக்கிட்டே கேப்பேன். யப்பா, அவங்க ஊருல வேலை நாள விட திருவிழா நாளுதான் சாஸ்தி போல. வருசம் முடியிறப்ப மணி பன்னெண்டு அடிக்கும் இல்ல, ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சப் பழத்த முழுங்கணுமாம். ஜனவரி ஆறாந்தேதி மூணு ராசாமாரு வந்து சாமான் வச்சிட்டுப் போவாங்கன்னு புள்ளைங்க காலுல போடுற சப்பாத்தத் தொடச்சு ஜன்னல் கிட்ட வைக்குமாம். பெரிய வெள்ளி வாரத்துல மாதா சுரூபத்த நாப்பது அம்பது பேரு தோள்ல தூக்கிக்கிட்டு வர, கூருத் தொப்பியால மொகத்த மூடிக்கிட்டு இன்னும் நூறு பேரு மெழுகுதிரியோட நடப்பாங்களாம். ஏன் மொகத்த மூடுறாங்கன்னு கேட்டேன். பாவத்துக்கு மன்னிப்புக் கேக்குறவன் யாருன்னு ஊருக்குத் தெரிய வேணாமாம். மொகம் தெரியாம என்னங்க மன்னிப்பு? எனக்கு அது புடிக்கவே இல்ல.

புடிச்சது ஒண்ணே ஒண்ணு. அதத்தான் இன்னிக்குப் பாக்கப் போறீங்க. ஈஸ்டர் ஞாயித்துக்கெழம சில ஊருல யூதாசுன்னு பொம்ம செய்வாங்களாம், யேசு சாமியக் காட்டிக் குடுத்தவன். வைக்கோல அடைச்சு, பழைய உடுப்ப மாட்டி, ஊரு நடுவுல கட்டித் தொங்க விடுவாங்களாம். அந்த வருசம் ஊருல யாரு என்ன அநியாயம் பண்ணான்னு ஒரு தாள்ல எழுதி சத்தமா வாசிச்சிட்டு, அப்பறம் நெருப்பு வைப்பாங்களாம். அதக் கேட்டதும் கத்தியக் கீழ வச்சிட்டேன். மறுபடி சொல்லச் சொல்லுன்னேன் நிரோஷன்கிட்ட. அநியாயம் பண்ணவன் எதிர்க்க இருந்தாலும் வாசிப்பாங்களான்னு கேட்டேன். அந்த அம்மா சிரிச்சாங்க. அவன் எதிர்க்க இருந்தாத்தான் ருசியாம்.

நாங்களும் எரிக்கிறவங்கதாங்க ஐயா. உங்க யாழ்ப்பாணப் பக்கம் காமன் கூத்து கெடையாதே? இங்க மாசி மாசம் தேயிலத் தோட்டத்துக்குத் தோட்டம் நடக்கும். காமன் பொட்டல்ல கம்பம் ஊனி, தப்படிச்சு, ரதியும் மன்மதனும் லயத்து வூட்டு வரிசையெல்லாம் ஆடிக்கிட்டு வருவாங்க. கடைசி நாளு சிவன் மன்மதன எரிச்சிருவாரு. ரதி பொரண்டு பொரண்டு அழுவா. ரெண்டு வேஷமும் ஆம்பளைங்கதான் கட்டுவாங்க. சும்மா கட்ட முடியாது. கையில காப்புக் கயித்தக் கட்டிட்டா கூத்து முடியிற வரைக்கும் விரதம். கவிச்சி கெடையாது, சாராயத்த மோந்து கூட பாக்கக் கூடாது. என் வூட்டுக்காரரு மாயாண்டி இருவது மாசிக்கு ரதி கட்டுனவரு. அவரு அழுதா கல்லு மனசுக்காரனும் துண்ட எடுத்து மொகத்தத் தொடப்பான். காப்புக் கட்ட மஞ்சக் கயிறு எங்க வூட்டுல இருந்துதான் போவும், அது அவங்க பரம்பரைக்குள்ள மரியாத.

மூணு வருசத்துக்கு முந்தி மார்கழியில, அப்ப இங்க மேனேஜரா இருந்த ஜீவராஜ் வந்து நின்னாரு. ஸ்பெயின்காரவங்க வந்திருக்காங்க, நம்ம திருவிழா ஒண்ணக் காட்டணும், நாளைக்கு ரதி ஆட்டம் ஆடுன்னாரு. மாசியில்லாம எப்படிங்கன்னு இவரு கேட்டாரு. நீ ஆடலன்னா ஹட்டன்ல இருந்து நாலு பயலுவளக் கொண்டாந்து சேலயக் கட்டி கோமாளி ஆட்டம் ஆட வைப்பேன்னுட்டாரு. அதுல உடைஞ்சு போயிட்டாரு மனுசன். ரதிய சிரிப்பாக்கிருவானுங்க வினோதா, நானே போறேன்னாரு. அன்னிக்கே தலைக்குத் தண்ணி ஊத்தி, தன் கையில தானே காப்புக் கட்டிக்கிட்டாரு. ஒரு நா ஆட்டந்தானே, எதுக்குங்கன்னு கேட்டேன். ஆடுறது நான் இல்ல புள்ள, ரதின்னாரு. மறுநாள் பூராவும் வெறும் பிளெயின்டீயோட இருந்தாரு.

அந்தா, அந்தப் புல்லுத் தரைதான். சாயங்காலம் நாலு மணி. பனியும் தூத்தலுமா இருந்துச்சு. முக்கா மணி நேரம் ஆடிட்டு, அழுகிற கட்டத்துல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்தாரு. நடிப்புன்னு நெனச்சு எல்லாரும் கை தட்டுனாங்க. பிலார் அம்மாதான் மொதல்ல எந்திரிச்சு ஓடி வந்தாங்க. நான் குசினி வாசல்ல இருந்து கத்திக்கிட்டு வாறேன், ஜீவராஜ் வேன் சாவிய கையில எடுத்துட்டாரு. அதையும் சொல்லணும், எடுத்துட்டாரு. ஆசுபத்திரி இருவது நிமிசந்தான்.

அப்ப வராந்தாவுல ஒரு டொக்டரு உக்காந்திருந்தாரு. கொழும்புல இருந்து வந்து தங்குனவரு. ஐயா நீங்க பாருங்கய்யான்னு ஜீவராஜ் கேட்டதுக்கு, நாற்காலிய விட்டு எந்திரிக்கல. குனியல. கையத் தொட்டுப் பாக்கல. உக்காந்த எடத்துல இருந்தே சொன்னாரு, வெறியில கெடக்கிறான், விடுங்கோ, தெளிஞ்சாப் பிறகு எழும்புவான்னு. சாராய வாடை அடிச்சது அவரு கையில இருந்த கிளாசுலங்க. என் புருசன் வாயில காலையில குடிச்ச வெறுந்தேத்தண்ணி வாடை கூட இல்ல.

டொக்டரே சொல்லிட்டாரு இல்ல, சாவி திரும்ப ஆணியில போயி மாட்டிக்கிருச்சு. குசினிக்காரி கத்துனா யாருக்குக் கேக்கும்? படங்குச் சாக்க விரிச்சு, ஸ்டோர் ரூமுல கொண்டாந்து போட்டாங்க. ஒரு மணி நேரம் என் மடியில தலைய வச்சிக்கிட்டு இருந்தாரு. ரதிக் கிரீடத்தக் கூட நான்தான் கழட்டுனேன்.

எங்க காமன் மூணாம் நாளு எந்திரிச்சிருவான் ஐயா, அப்படித்தான் கூத்து முடியும். யேசு சாமியும் மூணாம் நாளாம். நானும் பாத்தேன் மூணு நாளு.

ஏன் தட்ட வச்சிட்டீங்க? சாப்பிடுங்க. இன்னும் கேளுங்க, முடியல. குடிச்சிட்டு ஆடி விழுந்தான்னு ஜீவராஜ் பங்களாப் புத்தகத்துல எழுதி வச்சாரு. அது லயத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? காப்புக் கட்டிக்கிட்டுக் குடிச்சவன், அதான் சாமி அடிச்சிருச்சுன்னுட்டாங்க. சாவுக்கு வந்தவங்கள விட வராதவங்கதான் கூட. அந்த மாசியில எங்க வூட்டு மஞ்சக் கயித்த வேணான்னு திருப்பி அனுப்புனாங்க. இருவது வருசம் அவரு அழுகைக்குக் கூட அழுத சனம்! புருசன் செத்தத கூட பொறுத்துக்கிட்டேன் ஐயா. அந்தக் கயிறு திரும்பி வந்துச்சு பாருங்க, அன்னிக்கு என் வயிறு எரிஞ்சது இன்னும் அணையல.

போன வருசம் ஈஸ்டருக்கு யூதாசு எரிப்போமான்னு பிலார் அம்மா ஜீவராஜ்கிட்ட கேட்டாங்க. கேக்கச் சொன்னது நான். அவருக்கு வாயெல்லாம் பல்லு. பொம்மைக்கு ஒரு பழைய கோட்டு வேணுங்கன்னு போயி நின்னேன். தன்னோட கறுப்புக் கோட்ட அவரே கழட்டிக் குடுத்தாரு. நான் புடுங்கலங்க. அது ஒண்ணு நானா வச்சிக்கிட்ட வழக்கம், அவங்களே அவங்க கையால குடுக்கணும். நிரோஷன் தாள வாசிச்சுச்சு. ஸ்பெயின் பாஷையில ஆதியில இருந்து அந்தம் வரைக்கும், மாயாண்டின்னு பேரு சொல்லி. வெள்ளைக்காரவங்க ஒவ்வொருத்தரா திரும்பி ஜீவராஜப் பாக்குறாங்க. அவரு என்னன்னு தெரியாம பல்லக் காட்டிக்கிட்டு, தன் கோட்டு எரியிறதுக்குத் தானே கை தட்டுறாரு! ரெண்டு வருசத்துக்கப்பறம் அன்னிக்குத்தான் வூட்டுக்கு வந்து வயிறாரச் சோறு தின்னேன்.

மறுநாளு யாரோ அவருக்கு அர்த்தம் சொல்லியிருக்காங்க. குசினிக்கு ஓடி வந்தாரு. நானா சொன்னேன் வினோதா, அந்த டொக்டருதானே சொன்னாரு, நான் எழுதத்தானே செஞ்சேன்னு அழுதாரு. அப்ப அந்த டொக்டரு பேரக் குடுங்கன்னேன். விசிட்டர் புத்தகத்த விரிச்சு வெரலால காட்டுனாரு. அடுத்த மாசமே உடப்புசல்லாவைப் பக்கம் மாத்திக்கிட்டுப் போயிட்டாரு.

என்னங்க ஐயா, வேர்க்குது? இந்தக் குளிருக்கா? தண்ணி வேணுமா? உக்காருங்க, உக்காருங்க. கதவுல வேற யாரும் நிக்கல, நாந்தான் நிக்கிறேன்.

ஈஸ்டர் விசேஷம், குடும்பத்தோட வாங்க, பழைய விருந்தாளிக்குச் சிறப்பு அழைப்புன்னு உங்க போனுக்கு வந்துச்சு இல்ல? நான் சொல்லச் சொல்ல நிரோஷன்தான் அடிச்சுச்சு. வருவீங்களா மாட்டீங்களான்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்ல. நேத்து கார்ல இருந்து எறங்கி, பெட்டியத் தூக்க வந்தவன்கிட்ட விடுங்கோ நான் தூக்கிறேன்னீங்க பாருங்க. அந்த விடுங்கோ. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சிக்கிட்டு, அப்படியே அன்னிக்கு மாதிரி.

இந்தத் தடவ மூணு பாஷையில வாசிக்கிறோம். வந்தவங்களுக்கு ஸ்பெயின் பாஷை, பங்களாக்காரவங்களுக்குச் சிங்களம், அப்பறம் தமிழ். வேலி ஓரமா நிக்கிறாங்களே, அது எங்க லயத்துச் சனம். ஞாயித்துக்கெழம, வேலைக்குப் பேரு குடுக்கிற பெரட்டுக் கெடையாது. ஒரு வூடு விடாம நானே போயிக் கூப்பிட்டு வந்தேன். கயித்தத் திருப்பி அனுப்புன நல்லமுத்து கூட வந்து நிக்கிறாரு. அவங்க காதுல விழணும், மாயாண்டி குடிக்கலன்னு. அது போதும் எனக்கு. உங்க மகளும் டொக்டருக்குத்தான் படிக்கிறாங்களாமே, காலையில டீ குடுக்கறப்ப சொன்னாங்க. நல்ல புள்ள. அவங்களும் கேக்கட்டும்.

தப்படிக்கிற சத்தம் கேக்குதா? பொம்மயத் தூக்கிட்டாங்க. மானாப்புல்லு அடைச்சு நானே தச்சது. ஜன்னல் வழியா பாருங்களேன், நல்லா பொருந்தியிருக்கு. சாம்பக் கலரு, பித்தள பொத்தான் வெயில்ல பளபளங்குது.

வாங்க ஐயா, போவோம். கோட்டு இல்லன்னு யோசிக்காதீங்க, குளிராது. மிலாறு வெறகு நல்லா காஞ்சு கெடக்கு, அதுக்குப் பக்கத்துலதான் உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கேன்.