டயலில் ஓர் எழுத்து

வடை வேண்டாம், மேடம். எண்ணெய்க் கையோடு எதையும் தொடுவது எனக்கு ஆகாது. டீ மட்டும் போதும்.

என் பெயர் ஜான்பீட்டர். ஓசூர் சிப்காட்டில் ஒரு கியர் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பழைய ரயில்வே பாக்கெட் கடிகாரங்களைச் சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் தங்கள் கடிகாரங்களோடு என் வீட்டுக்கு வருவார்கள். டயல் அசலா போலியா என்று நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

அசல் டயல் செப்புத் தகட்டில் எனாமல் பூசிச் சூளையில் சுட்டது. எண்களும் ரயில்வே கம்பெனியின் பெயரும் அதோடு சேர்ந்து வெந்தவை. ரயில்வே பெயர் இருந்தால் மதிப்பு ஏறும் என்பதால், சாதாரண டயலில் இருக்கும் கடைப் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டு, ரயில்வே பெயரை மையால் எழுதிவிடுகிறார்கள். லென்ஸை வைத்து வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் தேய்த்த இடம் பளபளப்பு செத்துக் கிடக்கும். எழுத்து, புண்ணின் மேல் பொருக்குப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்தால் கரைந்து வந்துவிடும். கறுப்பேறிய அந்தப் பஞ்சைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அன்றைக்குச் சோறு இறங்காது.

என்னிடம் ஒரு கடிகாரம் உண்டு. அதைப் பக்கத்தில் வைத்துத்தான் மற்றவர்களுடையதைப் பார்ப்பேன். "அசல்னா இப்படி இருக்கணும்" என்று காட்டுவேன். அதில் பஞ்சை வைக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

போன மாதம் தளியிலிருந்து ஹரீஷ்குமார் என்ற ஒருவன் வந்தான். ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவன். தாத்தா ரயிலில் கார்டாக இருந்தவராம். அவன் கடிகாரத்தை என்னுடையதன் அருகே வைத்தேன். என்னுடையதில் எழுத்து கன்னங்கரேலென்று நின்றது. அவனுடையதில் சற்று மங்கி, எனாமலுக்குள் இறங்கினாற்போல இருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

"இதை எந்தச் சாக்கடையில பொறுக்கின?" என்று கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள்.

"எங்க தாத்தா பொய் சொல்ல மாட்டாருங்க சார்" என்றான். கைக்குட்டையில் அதைச் சுற்றிக்கொண்டு, என் மனைவி சாராள் கொடுத்த காபியைக் குடிக்காமலே போய்விட்டான்.

எல்லோரும் கிளம்பிய பிறகு சாராள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்தத் தம்பிய அப்படிப் பேசியிருக்க வேணாம்."

"போலியப் போலின்னுதான் சொல்லணும்."

"அப்ப நம்ம வீட்டுதையும் சொல்லணுமுங்க."

எனக்கு இதய ஆபரேஷன் நடந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சாராள் அலமாரியைத் துடைக்கையில் கடிகாரம் கீழே விழுந்திருக்கிறது. டயல் நொறுங்கிவிட்டது. கடிகாரக் கடை ஸ்டெபினிடம் கொண்டுபோய், அதே அளவில் வேறு டயல் போட்டு ரயில்வே பெயரை எழுதி வாங்கி, இருந்த இடத்தில் வைத்துவிட்டாள்.

"உங்க நெஞ்சு தாங்காதுன்னுதான் சொல்லலைங்க. அப்புறம் சொல்ல வாய் வரல."

நான் பஞ்சை நனைத்துப் பெயரின் கடைசி எழுத்தின் மேல் வைத்தேன். வந்துவிட்டது.

நான் கத்தவில்லை, மேடம். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அவள் சோறு பரிமாறியபோது அந்தக் கையைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் அந்தக் கை பிசைந்ததை, ஊற்றியதைத் தின்றிருக்கிறேன் என்று நினைத்ததும் வாந்தி வந்தது. அவள் என் முதுகைத் தடவிவிட்டாள். அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் பிசுபிசுப்புப் போகவில்லை.

ஹரீஷ்குமாருடையது அசலாகவே இருந்திருக்கலாம். அதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

"அந்தத் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிடறனுங்க. பாவம், ஊட்டுல போயி என்னன்னு சொல்லுச்சோ" என்றாள்.

"அவசரமில்ல. நாளைக்குப் பேசிக்கலாம்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அவளைக் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ஆற்றில் கழிவு நுரை ஆளுயரத்துக்குப் பொங்கிக் கிடந்தது. அழுகிய முட்டையும் சோப்பும் கலந்த நாற்றம். சாராள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்க எதுக்குங்க கூட்டியாந்தீங்க?" என்றாள். கரை வழுக்கியதால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் கையை எடுத்துவிட்டேன்.

எடுத்துவிட்டேன் என்றால் உங்களுக்குப் போதாது. தள்ளினேன். நுரை பிளந்து, உடனே மூடிக்கொண்டது. "ஏங்க" என்று ஒரு தடவை கேட்டது. எங்கிருந்து என்று தெரியவில்லை. என் சட்டையில் தெறித்திருந்த நுரையைத் துடைத்துக்கொண்டேன். பிறகுதான் கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஆட்களைக் கூப்பிட்டேன்.

நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் ஹரீஷ்குமாரிடம் எல்லாம் பேசி முடித்திருந்தாள் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். தெரிந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர் அந்தக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பஞ்சில் போன அந்தக் கடைசி எழுத்தை மெல்லிய தூரிகையால் நானே எழுதி வைத்திருந்தேன். லென்ஸில் பார்த்தும் அவர்களுக்குத் தெரியவில்லை.

அதையும் குற்றத்தில் சேர்த்து எழுதுகிறீர்கள் போலிருக்கிறது. வேண்டாம், மேடம். சாராளைக் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். டயலில் நான் செய்தது பழுதுபார்ப்பு. போலியில் நான் இன்றுவரை கை வைத்ததில்லை.