நாற்பது கெஜம், ஒன்பது முறை

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் விளையாட்டில் காலால் உதைப்பது ரொம்பக் குறைச்சல், முனிகிருஷ்ணன் சார். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், பிடிக்க வருகிறவனை இடித்துத் தள்ளுகிறார்கள். பந்தும் உருண்டையாக இருக்காது, பப்பாளிக்காய் மாதிரி நீளமாக இருக்கும். அந்த விளையாட்டின் சட்டதிட்டம் எனக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது. ஆனாலும் மூன்று வருஷமாக அதில்தான் சோறு தின்றேன்.

நீங்கள் நல்ல மனுஷர். "டாக்டரே ஹார்ட் அட்டாக்னு எழுதிக் குடுத்துட்டாரு, பாடியும் பொதைச்சாச்சு, நீ எதுக்குப்பா ஸ்டேஷனுக்கு வந்து கலாட்டா பண்றே, மனெகே ஹோகு, வீட்டுக்குப் போ" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பப் பார்த்தீர்கள். போகாததால் எழுதித் தரச் சொன்னீர்கள். கன்னடம் எனக்குப் பேச மட்டும்தான் வரும். அல்சூரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

கோரமங்களாவில் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்காவில் ஒரு கம்பெனி வருஷா வருஷம் ஆட்டக்காரர்களை ஒப்பிட்டு ஒரு தடிப் புத்தகம் போடும். உயரம், எடை, எத்தனை பந்து பிடித்தான் என்பதெல்லாம் அவர்களே எழுதிக்கொள்வார்கள். எங்களிடம் வந்தது ஒரே ஒரு பத்திதான். அதற்கு 'ரா', அதாவது கச்சா, என்று பெயர். பயிற்சி, தந்திரம், அனுபவம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, பெற்றவள் கொடுத்த உடம்பில் எவ்வளவு வேகம் இருக்கிறது, எவ்வளவு எம்பும், எவ்வளவு சடுதியில் திரும்பும் என்று பார்த்து எழுத வேண்டும்.

வேலை சுலபம். அவர்கள் மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அவர்கள் அனுப்பும் ஆட்ட வீடியோ கேசட்டை, ஒருவன் தடையில்லாமல் ஓடும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்தி, கோட்டுக்குக் கோடு எத்தனை படம் என்று எண்ண வேண்டும். ஒரு நொடிக்கு முப்பது படம். எண்ணி முப்பதால் வகுத்தால் நேரம் வந்துவிடும். கடைசியில் எல்லாரையும் நாற்பது கெஜத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவோம். கேசட் அறையைப் பார்த்துக்கொண்ட ஐரின், "இன்னாப்பா இது, சீலைக் கடையா நடத்தறீங்க?" என்று கேட்பாள். அதிலிருந்து எங்களுக்கு அது 'யார்டு' இல்லை, கெஜம்தான்.

நாங்கள் எழுதியதையெல்லாம் சரிபார்த்தவர் ஓஸ்வால்ட் மாஸ்டர். விவேக் நகர்க்காரர், நாற்பத்தாறு வயது. அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். தொந்தி விழுந்திருந்தாலும் குரல் மட்டும் இன்னும் விசில் அடிக்கும். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் இருவருக்கும் தினமும் வாக்குவாதம்தான். யார் பெரிய உடம்புக்காரன்? நாற்பது கெஜத்தை நாலேகால் நொடியில் ஓடும் ஒல்லிப் பையனா, ஐந்து நொடியில் ஓடும் நூற்றைம்பது கிலோ மலையா?

"எடையோட சேத்துப் பாரு துரை. அந்த மலை ஓடறான் பாரு, அவன்தான் அத்லெட். மத்ததெல்லாம் குருவி" என்பார்.

நான் முதல் பத்து கெஜத்தைத்தான் பார்ப்பேன். எவன் சும்மா நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்புகிறானோ அவனிடம்தான் கச்சாச் சரக்கு இருக்கிறது என்பேன். நியாயத்தைச் சொல்ல வேண்டும், பாதி நாள் அவர் சொன்னதே சரியாக இருந்தது. எண் விஷயத்தில் அவர் கொம்பன். அரைப் புள்ளிகூட விட்டுக்கொடுக்க மாட்டார். "சந்தேகம்னா மேல போ. கையால அமுக்கற வாட்ச்ல கீழ ரவுண்டு பண்றது திருட்டு" என்று என் தாளைத் திருப்பி அனுப்புவார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை.

தொண்ணூற்றொன்றில் ஒரு தொழிற்சாலையில் விளையாட்டுக்காரர்களுக்கென்று இரண்டு வேலை ஒதுக்கித் தேர்வு வைத்தார்கள். நூறு மீட்டரைப் பதினொன்று புள்ளி ஒன்று அல்லது அதற்குள் ஓட வேண்டும். என்னோடு ஓடிப் பழகிய ரங்கா முதலில் வந்தான். மூன்று கடிகாரமும் அவனுக்குச் சொல்லி வைத்தாற்போல் பத்து புள்ளி ஒன்பது பூஜ்யம் காட்டின. மைதானமே அதை அதிசயமாகப் பேசியது. இரண்டாவது வந்தவன் நான். இரண்டாவது ஆளுக்கு ஒரே ஒரு கடிகாரம்தான், அதைப் பிடித்திருந்தவர் ஓஸ்வால்ட் மாஸ்டர். மேஜைக்கு முன் போய் நின்றேன். தலையைத் தூக்காமலே, "லெவன் பாயின்ட் டூ. நெக்ஸ்ட்" என்றார்.

பத்தில் ஒரு பங்கு நொடி. கண்ணைச் சிமிட்டவே அதைவிட அதிக நேரம் ஆகும். இரண்டாவது வேலையைக் காலியாகவே விட்டார்கள். நான் ஹெப்பகோடியில் பத்து வருஷம் பெட்டி தூக்கினேன். முட்டி போயிற்று. பெண் பார்த்த வீட்டில் "பையன் நிரந்தர வேலையில இல்லையாமே" என்று எழுந்து போனார்கள். ரங்கா சம்பளத்தில் வீடு கட்டி அத்திபெலேயில் குடியிருக்கிறான். எனக்கு வயிறு எரிந்தது சார், இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அன்று கோபத்தில் செய்துவிட்டான் என்று மட்டும் உங்கள் அறிக்கையில் எழுதாதீர்கள். பதின்மூன்று வருஷக் கோபம் பழைய சோறு மாதிரி. அதில் சூடு இருக்காது.

ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றொன்று தேர்வில் நீங்கள்தானே டைம்கீப்பர், இரண்டாவது வந்த பையனை ஞாபகம் இருக்கிறதா என்று. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது வந்தவனை எல்லாம் எவன்பா ஞாபகம் வெச்சிக்கறான்?" என்று சிரித்து, எனக்கும் இரண்டு சுளை கொடுத்தார். வாங்கித் தின்றேன். நல்ல இனிப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்து ரங்கா வீட்டுக்குப் போனேன். அவனுடைய மாமா அன்று கல்யாண வீடியோக்காரர் ஒருவரை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தது எனக்கு நினைவிருந்தது. "எடுத்துனு போடா, எங்க வூட்ல டெக்கே இல்ல" என்று கேசட்டைக் கொடுத்தான். மறுநாள் ஆபீஸ் டெக்கில் போட்டேன். முடிவுக் கோடு தெளிவாகத் தெரிந்தது. ரங்காவின் நெஞ்சு கோட்டைத் தொட்ட படத்திலிருந்து என் நெஞ்சு தொட்ட படம் வரைக்கும் நகர்த்தினேன். ஆறு படம். நாலு தடவை எண்ணினேன், ஆறுதான். ஆறை முப்பதால் வகுத்தால் புள்ளி இரண்டு. பத்து புள்ளி ஒன்பதோடு கூட்டினால் பதினொன்று புள்ளி ஒன்று. ஒரு சீட்டில் எழுதி கேசட் உறைக்குள்ளேயே செருகினேன்.

ஆக அவர் திருடியிருக்கிறார். கீழே ரவுண்டு பண்ணினால் திருட்டு என்று எனக்குப் பாடம் நடத்தியவர், என்னிடமிருந்து ஒரு பங்கை எடுத்திருக்கிறார். அதைத் திருப்பி வாங்கினேன், அவ்வளவுதான்.

அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது ஆபீஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து என் ஸ்கூட்டரில்தான் வீட்டுக்கு வந்தார். "மஞ்சக் காமாலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். காட்டிக் குடுத்துடாதே துரை" என்றார். நடக்கலாம், ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னது என் காதில் விழுந்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

அவரைக் கிளப்பிவிட ரொம்பப் பாடுபடவில்லை. "மாஸ்டர், ஊரான் உடம்பையெல்லாம் எடை போடறீங்களே, உங்க 'ரா' எவ்வளவு? நாப்பது கெஜத்துக்கு ஏழு செகண்ட் ஆகுமா?" என்று ஐரின் முன்னால் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏழா? ஆறுக்குள்ள வரேன் பாக்கறியா? வந்தா திங்கக்கெழம ஆபீஸ் போர்டுல எழுதணும்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் உள்ள மைதானத்துக்கு வந்தார். வெயில் ஏறியிருந்தது. இரண்டு கல் வைத்து நாற்பது கெஜம் நானே அளந்தேன். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு பனியனோடு நின்றார். கடிகாரம் அவருடையதுதான், பழைய ஸ்டாப்வாட்ச்.

முதல் ஓட்டத்திலேயே ஐந்து புள்ளி எட்டில் வந்தார். அந்த வயதுக்கும் தொந்திக்கும் அது நல்ல நேரம், உண்மையிலேயே அசந்துபோனேன்.

"ஆறு புள்ளி ஒண்ணு மாஸ்டர். ஒரு பங்குதான் பாக்கி" என்றேன்.

அவர் கடிகாரத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. டைம்கீப்பர் சொன்னால் சொன்னதுதான், அது அவருடைய மதம். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்க் கோட்டில் நின்றார். இரண்டாவது ஐந்து புள்ளி எட்டு. மூன்றாவது ஐந்து புள்ளி ஒன்பது. ஒவ்வொரு தடவையும் ஒரு பங்கு பாக்கி என்றேன். ஐந்தாவதிலிருந்து நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆறாவதில் முட்டியில் கையூன்றிக் குனிந்தார். "போதும் மாஸ்டர், ஏழுன்னே எழுதிக்கலாம்" என்றேன். ஒன்பது தடவை ஓடினார். போதும் என்று நான் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாவதில் முப்பது கெஜம் வந்து மண்டியிட்டார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். இடது கை நெஞ்சில் இருந்தது, வலது கை என்னைப் பார்த்து நீண்டது. "சட்டை" என்றார். "துரை, சட்டை."

நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன். சட்டையை நாலாக மடித்து அவர் தலைக்கு அடியில் வைத்தேன். மாத்திரை பையிலேயே இருந்தது. கழுத்தைத் திருப்பி அதை எடுக்கும் தெம்பு அவருக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "லெவன் பாயின்ட் டூ. நெக்ஸ்ட்" என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது வந்தவனை எவன் ஞாபகம் வைத்திருக்கிறான்? அதில் மட்டும் எனக்கு ஒரு குறை உண்டு.

கடிகாரத்தை நான் நிறுத்தவில்லை. அவர் அடங்கியபோது ஏழு நிமிஷம் ஓடியிருந்தது. அப்புறம்தான் கத்தினேன். கோயிலிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அடக்கத்தன்று அவர் மனைவி பியாட்ரிஸ் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீயாவது பக்கத்துல இருந்தியேப்பா" என்று அழுதார். நானும் அழுதேன்.

நான் பேசாமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. நேற்று கேசட் அறையை ஒழிக்கும்போது ரங்காவின் கேசட்டும் என் சீட்டும் ஐரினிடம் அகப்பட்டன. எதற்காக எண்ணியது என்றெல்லாம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கேட்டாள், ஓட்டக் கணக்கையும், அன்று மேஜையில் மாஸ்டர் இருந்ததையும், எனக்குப் பதினொன்று புள்ளி இரண்டு எழுதியதையும் மட்டும் சொன்னேன்.

"ஐயோ துரை, தப்பாப் போட்டிருக்கியே. முப்பது அமெரிக்கா கேசட்டுக்குப்பா. இது நம்மூர்க் கேசட். செகண்டுக்கு இருபத்தஞ்சு படம்தான்" என்றாள். பேனாவை எடுத்து என் சீட்டிலேயே கணக்குப் போட்டாள். ஆறை இருபத்தைந்தால் வகுத்தால் புள்ளி இரண்டு நான்கு. ரங்காவின் நேரத்தோடு கூட்டினால் பதினொன்று புள்ளி ஒன்று நான்கு. "சந்தேகம்னா மேல. அப்போ லெவன் பாயின்ட் டூ" என்று மாஸ்டர் குரலிலேயே சொல்லிக் காட்டிவிட்டு, "வாட்ச் புடிச்சது மாஸ்டர்தானா? பாத்தியா, அப்பவே கரெக்டா எழுதியிருக்காரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதனால்தான் வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். மனசாட்சி உறுத்தி வந்தவன் இல்லை நான். ஒரு பெண்பிள்ளை பேனாவால் கிறுக்கியது நாளைக்கு ஊரில் உண்மையாகிவிடக் கூடாது என்றுதான் வந்தேன். ஓஸ்வால்ட் மாஸ்டரை ஓடவைத்துக் கொன்றவன் நான். அந்த முழுப் பொறுப்பும் என்னுடையது, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் அறிக்கையில் என் பெயருக்கு நேரே பதினொன்று புள்ளி ஒன்று என்று எழுதுங்கள். மூன்று வருஷமாக ஊரான் பெற்ற பிள்ளைகளையெல்லாம் முப்பதால்தான் வகுத்தேன், எனக்கு மட்டும் இருபத்தைந்து என்றால் அது எந்த ஊர் நியாயம் சார்?