கடைசியில் விட்ட சொட்டு

வெயில் இறங்கிடுச்சு, காத்தும் நல்லா வருது... இந்த நேரத்துக்கு ஒரு சின்னக் கதை சொல்லிடறேன். பெத்தவங்க கூட்டம்தானேன்னு தூங்கிடாதீங்க, அவ்வளவுதான்.

மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவுல ஒரு அங்கன்வாடி. திங்கக்கிழமையிலேர்ந்து பிள்ளைங்களுக்குப் பக்கத்துக் கிணத்துத் தண்ணிதான்னு முடிவாயிடுச்சு. பூவுக்கு அடிக்கிற பூச்சி மருந்து கிணத்துல இறங்கியிருக்குமோன்னு டீச்சர் பஞ்சவர்ணத்துக்குப் பயம். ஒரு பாட்டில்ல பிடிச்சு ஆய்வுக்கூடத்துல கொடுத்தாங்க.

அங்க தமயந்தின்னு ஒரு அம்மா. தண்ணியில இருக்கிற மருந்தை வேறொரு திரவத்துக்கு இழுத்து, அதை வெந்நீர்ல வச்சு வத்த வைப்பாங்க. மத்தியான வெளிச்சம்... கண்ணாடிக் குடுவை... ஆவி சுருண்டு சுருண்டு மேல போகுது... பார்த்தா நமக்கே கண்ணு சொக்கும். மிச்சத்தை, மருந்தை அளக்கிற மெஷின்ல விட்டாங்க. ஒண்ணும் இல்லை. 'கிணத்துல மருந்து இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு.

டீச்சருக்கு மனசு ஆறலை. உங்க முறை சரிதான்னு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. தமயந்தி சொன்னாங்க: சுத்தமான தண்ணியில இதே வேலையைச் செஞ்சு, கடைசியில நாங்களே அளந்து ஒரு சொட்டு மருந்து விடுவோம். நூறு போட்டா நூறும் மெஷின்ல திரும்பி வருது, குறையே இல்லைன்னு.

டீச்சர், அடுத்த குடுவையிலேர்ந்து போற ஆவியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் மெதுவா,

"கடைசியில ஏன் மேடம் விடுறீங்க? கிணத்து மருந்து இவ்வளவு சூட்டையும் தாண்டி வரணும். உங்க சொட்டு மேல சூடே படலையே..."

தமயந்திக்குச் சுருக்குன்னுச்சு. கோபமும் வந்துச்சு. இருந்தாலும், சொட்டை முதல்லயே தண்ணியில விட்டுச் செஞ்சு பார்த்தாங்க. எவ்வளவு திரும்பி வந்துச்சு தெரியுமா? நூத்துக்கு... பத்து. மிச்சம் தொண்ணூறு எங்க? அழகா சுருண்டு போச்சே அந்த ஆவி... அதோட போயிடுச்சு.

சூட்டைக் குறைச்சு, கிணத்துத் தண்ணியை மறுபடி பார்த்தாங்க. மருந்து இருந்துச்சு. அந்த அம்மா தன் கையெழுத்தைத் தானே கிழிச்சாங்க. "டீச்சர், பிள்ளைங்களுக்கு அதைக் கொடுக்காதீங்க"ன்னாங்க.

பெத்தவங்களே... 'எம் பிள்ளைக்கு ஒரு கவலையும் இல்லை'ன்னு நீங்களும் நானும் தினம் சொல்றோம். போன வாரம் உங்க பொண்ணோட கூட்டாளி அவகிட்ட பேசறதை விட்டுட்டா. அவ அழுதது தெருவுக்கே தெரியும், முதல்லயே அளந்து விட்ட சொட்டு மாதிரி. அவ வாயால உங்க காதுக்கு வந்துச்சா? வரலையா? தெரிஞ்ச அழுகையே வந்து சேராத வீட்டுல... தெரியாத அழுகை இல்லைன்னு எப்படிங்க சொல்றது?