படத்தில் இருப்பவர் எடுத்துப் போகலாம்

— தப்பா எடுத்துக்காதீங்க தொமோயெம்மா, உங்க கடைக்குப் பக்கத்து ஷட்டர்ல ஒரு படம் மாட்டியிருந்தீங்களே, படகுத்துறை பெஞ்சுல ஒரு ஆள்... அது எங்க?

— கையில இஸ்திரிப் பெட்டி இருக்கு, செத்த நில்லுங்க... அட! கோட்டு, சூட்டு! நீங்கதானே சார் அந்த ஆளு!

— மெதுவாப் பேசுங்கம்மா.

— எதுக்கு மெதுவா? பதினஞ்சு வருஷமா, சலவைக் கடையைப் பத்துப் பத்து நிமிஷம் சாத்திட்டு, இந்த வாகமாட்சுத் தெருவெல்லாம் சுத்திப் படம் எடுக்கறேன். வெளியூர்க்காரன் ஒருத்தனும் எட்டிப் பார்க்காத தெரு. எனக்கு அலுக்கவே இல்ல. மீன்காரரு தன் படத்தைக் கழட்டிட்டுப் போயி ஐஸ் பெட்டிக்கு மேல மாட்டியிருக்காரு பாருங்க. ஆனா உங்க படம் மாதிரி ஒண்ணு எனக்கு அமைஞ்சதே இல்ல.

— தப்பா எடுத்துக்காதீங்க, நானும் மூணு வாரம் முன்னாடி அதைப் பார்த்து அப்படியே நின்னுட்டேன். நான் இவ்வளவு நல்லா இருப்பேன்னு எனக்கே தெரியாது. அப்புறம் பயம் வந்து ஓடிட்டேன்.

— பயமா? எதுக்கு?

— எனக்கு வேலை போயி நாலு மாசம் ஆச்சும்மா. வீடு அக்கரையில, தோபாத்தாவுல. காலையில என் வீட்டுக்காரி குமி கோட்டை உதறி மாட்டி விடுவா. நேரா படகேறி இங்க வந்துடுவேன். சாயங்காலம் வரைக்கும் அந்த பெஞ்சுதான். அவகிட்ட இன்னும் சொல்லல.

— அடப்பாவமே! தெரியாம ஊர் பார்க்க மாட்டிட்டேனே!

— அவ இந்தப் பக்கமே வரமாட்டாங்கற தைரியத்துல இருந்தேன். நேத்து என்னடான்னா, 'ஞாயித்துக்கிழமை படகுல வாகமாட்சுக்குப் போலாமா'ங்கறா. அதான், படத்தைக் கழட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்.

— சார், உங்களை ஏன் எடுத்தேன் தெரியுமா? அன்னைக்கு அப்படிக் காத்து, குளிரு. துறையில ஈ காக்கா இல்ல. நீங்க சாப்பாட்டு டப்பாவை மடியில வச்சு, அதைச் சுத்திக் கட்டியிருந்த துணி முடிச்சை அவுக்கறதுக்கு முன்னாடி கண்ணை மூடிக் கை கூப்புனீங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி எல்லாரும்தான் கும்பிடறாங்க. யாரும் பார்க்காதப்போ அவ்வளவு நேரம் கும்பிட்டவரை நான் பார்த்ததில்ல. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

— வேற என்னம்மா செய்ய முடியும்? நான் ஆபீசுக்குப் போறேன்னு நம்பி, விடியறதுக்கு முன்னாடி எழுந்து கட்டித் தர்றா. இப்போ மூணு வாரமா ஃபிளாஸ்குல சூப்பு வேற. 'ஆபீசுல ஹீட்டர் இருக்குடி'ன்னா காதுல வாங்கறதே இல்ல.

— மூணு வாரமாவா?

— ஆமா. கழுத்துக்கு ஒரு கம்பளித் துண்டும் பின்னிக் கொடுத்தா. ஏன்மா அப்படிப் பார்க்கறீங்க?

— ஒண்ணுமில்ல... சார், அந்தப் படம் இங்க இல்ல. மூணு வாரம் முன்னாடியே ஒரு அம்மா வந்து கழட்டிட்டுப் போயிட்டாங்க. கையில ஒரு கசங்கின படகுச் சீட்டு வச்சிருந்தாங்க.

— யாரோ ஒருத்தர் எப்படி எடுத்துட்டுப் போவாங்க? 'படத்தில் இருப்பவர் மட்டும் எடுத்துப் போகலாம்'னு நீங்கதானே பலகை மாட்டியிருக்கீங்க! அதுல நான் ஒருத்தன்தானே இருந்தேன்?

— நானும் அதையேதான் கேட்டேன். படத்துல உங்க மடியில இருக்கற டப்பாவைத் தொட்டுக் காட்டினாங்க. 'இந்த முடிச்சு நான் போட்டது'ன்னாங்க.