குள்ள வீரனின் முதல் ‘வேண்டாம்’

சங்கரன்கோவிலில் பஸ் கிளம்பியதும் பின் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண், "ஏட்டி, வேண்டாம்னு சொன்னதுக்கா என் குள்ளனைச் சாக விடுத?" என்றாள். திரும்பாமல் காதைத் தீட்டிக்கொண்டேன். பகடை உருட்டி ஆடும் மாயாஜாலக் கதை விளையாட்டாம்; அதில் இவளுடைய பாத்திரம் ஒரு குள்ள வீரன். கதையை நடத்துகிறவள் பக்கத்திலிருந்த தோழி.

"அந்தக் காட்டுத் தேவ இனத்து எல்ஃப் வைத்தியன் உசுரு மருந்து நீட்டுனான். நீதான வேண்டாம்ன?"

"மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லணும்! வற்புறுத்துனாத்தான வாங்குவோம்?"

"அது உங்க ஊரு ராயகிரிப் பழக்கம். உன் குள்ளன் குகையில பொறந்தவன்."

"அவனுக்குத் தாய்மொழி மட்டும் எழுதிக் குடுத்திருக்க. வளப்பு வேண்டாமா? குகையில மருவாதி சொல்லிக் குடுக்க அம்மா இருக்க மாட்டாளா?"

தோழி யோசித்தாள். "சரி, உசுரு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. வைத்தியன் கடைசியா ஒருக்கா நீட்டுதான். குள்ளன் குடிக்கானா?"

"ஐயோ, இருக்கட்டும். உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று இவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அக்கா தோழியிடம் வெடுக்கென்று திரும்பினார்.

"சாகக் கிடக்கவன்கிட்ட கேட்டுக்கிட்டா நிப்பாவ? பிடிச்சு வாயில ஊத்துட்டி!"